மூன்று நட்சத்திர ஊர்

"வந்தார். ஃபர்னஸ் ஓடுகிறது. பரவாயில்லை."

வெர்னா சான்ட்விக் எழுதியிருந்தது இவ்வளவுதான். பக்கத்தில், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

"அட பாவி மனுஷி!" என்று மாரிட் கணினியைப் பார்த்துக் கத்தினாள். அறையில் வேறு ஆள் இல்லாததால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே திட்டினாள். திட்டாமல் என்ன செய்வாள்? போன கிறிஸ்துமஸ் அன்று, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது போய்க்கொண்டிருந்தபோது, வெர்னாவின் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் செத்துப்போனது. விருந்தில் பாதித் தட்டோடு எழுந்து ஓடியவர் ஆர்விட் மாமா. அந்த அம்மாளையும் அவள் பூனையையும் தன் வீட்டுக்கு அழைத்துவந்து படுக்கவைத்தார். கடையில் கிடைக்காத உதிரிப் பாகத்துக்காகத் தன் கொட்டகையில் கிடந்த பழைய ஃபர்னஸைப் பிரித்தார். மறுநாள் முழுக்க வெர்னாவின் நிலவறையில் முழங்காலில் கிடந்து அதை ஓடவைத்தார். இத்தனைக்கும் சேர்த்து அந்த அம்மாள் போட்ட மதிப்பெண் மூன்று. பரவாயில்லையாம்!

மாரிட்டின் தொழிலைச் சொல்லிவிடலாம். சின்னக் கடைக்காரர்களை இணையத்தில் தேடுகிறவர்களின் கண்ணில் பட வைப்பது அவள் வேலை. யாராவது செல்பேசியில் 'பக்கத்தில் ஃபர்னஸ் ரிப்பேர்' என்று தட்டினால், வரைபடத்தோடு மேலே மூன்று பெயர்கள் வரும். அந்த மூன்றுக்குள் இருந்தால் பிழைத்தாய். நாலாவதாக நின்றால், நீ கடை வைத்திருக்கிறாய் என்பது உன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். டுலூத் நகரத்தில் பல் டாக்டர்களையும் ரொட்டிக் கடைகளையும் அந்த மூன்றுக்குள் தூக்கி உட்காரவைத்துப் பேர் வாங்கியவள் மாரிட். ஹெகன் ஏரிக்கரையில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பிவந்த பிறகு, தூண்டில் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அதே வேலையைச் செய்துவந்தாள். இந்த இலையுதிர் காலத்தில் அவள் கையில் எடுத்திருந்தது சொந்த மாமாவின் கடை.

ஆர்விட் டோலெஃப்சன் அவள் அம்மாவின் தம்பி. 'டோலெஃப்சன் ஹீட்டிங்' என்பது ஒரு கொட்டகை, ஒரு வேன், ஊரே மனப்பாடமாய் வைத்திருந்த ஒரு தொலைபேசி எண். அதுதான் சிக்கலே. மனப்பாடமாய் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்கோ வெயில் தேடி அரிசோனாவுக்கோ போய்க்கொண்டிருந்தார்கள். ஏரியைச் சுற்றியிருந்த அவர்கள் வீடுகளை மினியாபொலிஸ் நகரத்துக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களுக்கு ஆர்விட்டையும் தெரியாது, ஆர்விட்டைத் தெரிந்த யாரையும் தெரியாது. வீடு குளிர்ந்தால் செல்பேசியை எடுப்பார்கள். எடுத்தால் முதலில் வருவது ஃபார்கோவிலிருந்து வண்டி அனுப்புகிற பெரிய கம்பெனி. இரண்டு மணி நேரத் தூரம். ஆனாலும் முதலில் அதுதான் வரும்.

செப்டம்பரில் அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவன் கொட்டகைக்கே வந்துவிட்டான். உங்கள் எண்ணையும் இணையப் பக்கத்தையும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், எங்கள் ஆளாக இங்கேயே வேலை பாருங்கள், மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு என்றான். மாமாவின் மனைவி பெர்னடீன் அத்தைக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தன. காப்பீடு என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தை மாமாவின் முகத்தைப் பார்த்தாளாம்.

அவன் போன பிறகு மாமா மாரிட்டிடம் சொன்னார்: "புது வருஷம் வரைக்கும் பாக்குறேன். புது ஆளுங்க போன் பண்ணா நம்ம கடை. இல்லேன்னா அவங்க சட்டையைப் போட்டுக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வேனுக்குள் ஏறிவிட்டார். டோலெஃப்சன் குடும்பத்தில் இதுதான் மார்பில் அடித்துக்கொண்டு அழுவது.

மாரிட் அன்றைக்கே இறங்கினாள். மாமா கேட்டபடி 'டோலெஃப்சன் ஹீட்டிங். ஃபர்னஸ் பழுது பார்க்கப்படும்' என்று இரண்டு வரி மட்டும் போட்டால் பேய் கூட எட்டிப் பார்க்காது. குளிரில் நடுங்குகிறவன் என்ன தட்டுவானோ அந்த வார்த்தைகள் இணையப் பக்கத்தில் இருக்க வேண்டும். 'காத்து வருது சூடு வரல', 'ஃபர்னஸ் டக்டக்னு சத்தம்', 'ஏரி வீடு குழாய் உறைஞ்சு போச்சு' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினாள்.

"இப்படியா எழுதுவாங்க? முழு வாக்கியமே இல்லையே," என்றார் மாமா.

"வீட்டுக்குள்ள மூச்சு விட்டா புகையா வருதுன்னா யாரு மாமா இலக்கணம் பாப்பா?"

புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "என் மூஞ்சி எதுக்கு? ஃபர்னஸை எடு." கெஞ்சிக் கூத்தாடி ஒரு பக்கவாட்டுப் படம் வாங்கினாள். வேலை நேரம், முகவரி, எந்தெந்த ஏரிக்கு எல்லாம் வருவார் என்பது வரை ஒன்று விடாமல் சரி செய்தாள். அக்டோபர் முடிவதற்குள் எங்கோ அதலபாதாளத்தில் கிடந்த டோலெஃப்சன் ஹீட்டிங் நாலாவது இடத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு படி. அந்தப் படிதான் நட்சத்திரம்.

ஃபார்கோ கம்பெனிக்கு நூற்றுக்கணக்கில் நட்சத்திரக் கருத்துகள், சராசரி நாலு புள்ளி ஒன்பது. மாமாவுக்கு ஒன்றுகூட இல்லை. சொந்தக்காரி என்பதால் மாரிட் எழுதக் கூடாது, அது விதி. வாடிக்கையாளர்தான் எழுத வேண்டும். 'எங்கள் வேலையைப் பற்றி இணையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்று சின்னச் சின்ன அட்டைகள் அச்சடித்துக் கொடுத்தாள். மாமா அதை வேனில் இருக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

"கையேந்துற மாதிரி இருக்கு மாரிட்."

கடைசியில் பெர்னடீன் அத்தைதான் அதைக் கண்டுபிடித்து, மாமாவுக்குத் தெரியாமல் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் எல்லார் கையிலும் திணித்துவிட்டு வந்தாள். "எழுதினா ஆளுக்கு ஒரு டப்பா லெஃப்சா ரொட்டி தரேன்னு சொல்லட்டுமா?" என்றுகூடக் கேட்டாள். "ஐயோ அத்தை, அது லஞ்சம், பக்கத்தையே தூக்கிடுவாங்க!" என்று மாரிட் அலறியடித்துத் தடுத்தாள்.

அந்த வாரமே கருத்துகள் வரத் தொடங்கின. மாரிட் சந்தோஷத்தில் குதித்தாள். திறந்து பார்த்தாள். மூன்று. மூன்று. மூன்று. நடுவில் ஒரு இரண்டு. 'மோசமில்லை.' 'சொன்ன நேரத்துக்கு வந்தார்.' 'இதைவிட மோசமாகவும் பார்த்திருக்கிறேன்.' அப்புறம் வெர்னாவின் அந்தப் 'பரவாயில்லை.'

சராசரி விழுந்ததும் நாலாவது இடம் ஆறாவது ஆனது. ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்!

மாரிட் காரை எடுத்துக்கொண்டு நேரே வெர்னா வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் காபி போட்டாள், பிஸ்கட் வைத்தாள், பனி எப்போது வரும் என்று பேசினாள். ஊர் வழக்கப்படி அரை மணி நேரம் வானிலையைப் பேசி முடித்த பிறகுதான் மாரிட்டால் விஷயத்துக்கு வர முடிந்தது.

"வெர்னா, மாமா வேலையில என்ன குறை?"

"குறையா?" வெர்னா பதறிப்போனாள். "யாரு சொன்னா குறைன்னு? ஆர்விட்டையா? அவன் வேலையில குறை சொன்னா நாக்கு அழுகிடும்."

"அப்புறம் ஏன் மூணு ஸ்டார்?"

"மூணு நல்லதுதானே?"

"அஞ்சுக்கு மூணு."

"ஆமா. பாதிக்கு மேல." வெர்னாவின் முகத்தில் பெருமை. "ஹார்லன் ரெண்டு போடறேன்னான். நான்தான் மூணாவது போடுடான்னு சொன்னேன், கேக்கல."

"நாலாவது போட்டிருக்கலாமே!"

"நாலா?" வெர்னா குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணே, நாலு போட்டா அவன் என்ன நினைப்பான்? இவ நம்மகிட்ட எதையோ எதிர்பாக்குறான்னு நினைக்க மாட்டானா? அஞ்சு போட்டா கிண்டல் பண்றான்னே நினைப்பான். தெருவுல என் மூஞ்சியை எப்படிப் பாப்பான்?"

"அவருக்காக இல்ல வெர்னா. வெளியூர்க்காரங்க பாக்குறதுக்கு. அவங்க ஊர்ல அஞ்சுன்னா 'நல்லது'ன்னு அர்த்தம். மூணுன்னா 'கிட்டயே போகாதே'ன்னு அர்த்தம்."

வெர்னா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அது வித்தியாசமா இருக்கு," என்றாள். ஹெகன் ஏரியில் ஒருவர் இப்படிச் சொன்னால், 'நீ உளறுகிறாய், ஆனால் நான் சண்டைக்கு வரமாட்டேன்' என்று பொருள். மாரிட் பிஸ்கட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவந்தாள். காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு குத்து குத்தினாள்.

சரி, ஊர்தான் இப்படி என்றால், மாமா அதற்கு மேல்.

கருத்து எழுதினவர்களுக்குக் கடைக்காரர் பதில் எழுதினால் தேடலில் மதிப்பு கூடும். 'நன்றி, மீண்டும் அழையுங்கள்' என்று எழுதினால் போதும் என்று சொல்லி மாமாவுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாள். அவள் செய்த மகா முட்டாள்தனம் அது. மாமா ஓய்வு நேரத்தில் ஒவ்வொருவருக்கும் உண்மையாகப் பதில் எழுதிவைத்திருந்தார்.

வெர்னாவுக்கு: 'மூணு அதிகம். பூட்ஸ் ஈரத்தோட படியில இறங்கிட்டேன். மன்னிக்கணும்.'

ஏரிக்கரைக்குப் புதிதாக வந்த ஒரே ஒரு பெண்மணி, எப்படியோ அவரைக் கண்டுபிடித்து, வேலை வாங்கி, மனதாரப் புகழ்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். அதற்கு மாமாவின் பதில்: 'அஞ்சு கொஞ்சம் ஓவர். ஒரு கம்பிதான் கழண்டிருந்தது. யார் வந்திருந்தாலும் மாட்டியிருப்பாங்க.'

மாரிட் கொட்டகைக்குள் புயலாய் நுழைந்தாள். "மாமா! இதை எழுதினது நீங்களா, ஃபார்கோக்காரனா?"

"என்ன, தப்பா எழுதிட்டேனா?"

"யாரு வேணா மாட்டியிருப்பாங்கன்னு நீங்களே சொன்னா, அப்புறம் உங்களை எதுக்குக் கூப்பிடணும்?"

"உண்மையத்தானே சொன்னேன். ஒரு கம்பிதான்."

"அந்தக் கம்பியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

மாமா தலையைச் சொறிந்தார். "மத்தியானம் முழுக்க. ஆனா அதை எப்படி எழுதுறது? மக்குன்னு நினைச்சுக்குவா."

மாரிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில், காபிக்குப் பிறகு அவள் எழுந்து நின்று பேசினாள். ஊர் முழுக்க இருந்தது. எதுவும் மறைக்காமல் சொன்னாள். புது வருஷத்துக்குள் அழைப்புகள் வராவிட்டால் ஆர்விட் டோலெஃப்சன் கடையை மூடிவிடுவார். அழைப்புகள் வர நட்சத்திரம் வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து மூன்றை ஐந்தாக்குங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள், அதில் ஒரு வரி எழுதுங்கள்.

மாமா தரையையே பார்த்துக்கொண்டு காது சிவக்க உட்கார்ந்திருந்தார். மேஜையில் சாக்லேட் பார் தட்டில் கடைசித் துண்டு ஒன்று இருந்தது. ஒருவர் அதில் பாதியை வெட்டி எடுத்தார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதியை எடுத்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. கடைசித் துண்டை முழுசாக எடுக்க இந்த ஊரில் யாருக்கும் கை வராது. கண்ணுக்குத் தெரியாத அளவு ஆன பிறகும் அது தட்டிலேயே கிடந்தது. இவர்களிடம் போய் ஐந்துக்கு ஐந்து கேட்கிறோமே என்று மாரிட்டுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஹார்லன் கடைசியில் தொண்டையைச் செருமினார். "நீ சொல்றது புரியுது மாரிட். ஆனா ஆர்விட் இங்கயே உக்காந்திருக்கான். அவனை வச்சுக்கிட்டு இப்படிப் பேசறது..."

"சங்கடமா இருக்கு," என்று முடித்துவைத்தாள் வெர்னா.

அன்றைய பேச்சுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. ஹார்லன் தன் இரண்டை மூன்றாக்கினார். அதற்காக வழியில் நிறுத்தி மாரிட்டின் கையைக் குலுக்கவும் செய்தார்.

டிசம்பரில் ஏரி உறைந்தது. குளிர் இறங்கின வாரம் மளிகைக் கடை வரிசையில் மாரிட்டுக்கு முன்னால் ஒரு பெண் செல்பேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "நாளன்னைக்கா? வீட்டுல கைக்குழந்தை இருக்கு! ஃபர்னஸ் முழுசா நின்னுபோச்சு!" எதிர்முனை ஃபார்கோ என்பது மாரிட்டுக்குக் கேட்காமலே தெரிந்தது. அந்தப் பெண் போனை வைத்ததும் தோளைத் தொட்டாள்.

"இங்க ஒருத்தர் இருக்காரு. ஏரிக்கு இந்தப் பக்கம்தான். இப்பவே வருவாரு. டோலெஃப்சன் ஹீட்டிங்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. உடனே செல்பேசியில் தட்டிப் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது.

"மூணுதான் இருக்கு?"

"அது வந்து..."

"'இதைவிட மோசமாகவும் பார்த்திருக்கிறேன்'னு ஒருத்தர் எழுதியிருக்காரே. இது கேஸ் ஃபர்னஸ்ங்க. குழந்தை தூங்குற வீடு. எப்படிங்க நம்பி விடறது?"

"அது எங்க ஊர்ல பாராட்டுங்க!"

அந்தப் பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா பொண்ணு."

"ஓ," என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான். இரண்டு மின்சூடேற்றிகளை வாங்கிக்கொண்டு ஃபார்கோக்காரன் வரும்வரை காத்திருக்கப் போய்விட்டாள். மாமாவின் கொட்டகை அந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரம். வேன் வாசலில்தான் நின்றிருந்தது. மாரிட் பால் பாட்டிலைக் கையில் பிடித்தபடி, கேவலம் ஒரு எண்ணுக்காக இப்படியா என்று நின்றாள்.

புது வருஷம் பிறந்தது. மாமா கையெழுத்துப் போட்டார். மாரிட்டைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. "நீ நல்லாத்தான் பண்ணின," என்றார். அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டார். ஒப்பந்தப்படி எண்ணையும் பக்கத்தையும் ஃபார்கோ அலுவலகத்துக்கு மாற்றிக்கொடுத்தது மாரிட்தான். மாமாவின் பெயரும் பக்கவாட்டுப் படமும் அப்படியே இருக்கும், மேலே மட்டும் கம்பெனிப் பெயர் சேரும் என்றார்கள். தான் எழுதின பத்திகளை எல்லாம் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாள்.

கடை மூடியதற்கு ஊர் ஒரு காபி விருந்து வைத்தது. அதே நிலவறைக் கூடம். இறைச்சி மேல் உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுடுகிற ஹாட்டிஷ் மட்டும் ஐந்து வகை. மாமா தலையைக் குனிந்துகொண்டு தின்றார். சாப்பாடு முடிந்ததும் யாரும் எதிர்பார்க்காதபடி வெர்னா சான்ட்விக் எழுந்து நின்றாள்.

"ஆர்விட் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்ல," என்றாள்.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"போனதுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அவன் வரலேன்னா நானும் பூனையும் விறைச்சுப் போயிருப்போம். தங்கமான கை. தங்கமான மனசு. இந்த மாநிலத்துலயே இவனுக்கு ஈடு கிடையாது." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அணை உடைந்தது. ஹார்லன் எழுந்தார். மகன் கல்யாணத்தன்று சூட்டும் கோட்டுமாக வந்த ஆர்விட், அதே கோட்டோடு பாய்லருக்கு அடியில் படுத்த கதையைச் சொன்னார். பனிப்புயலில் ஸ்கீ கட்டிக்கொண்டு வந்தார் என்றார் ஒருவர். பிரசவ வீட்டுக்கு வந்து, சூடு ஏறும்வரை சமையல் செய்து வைத்துவிட்டுப் போனார் என்றாள் ஒருத்தி. மாமா எங்கே ஓடுவது என்று தெரியாமல் கதவையே பார்த்தார்.

மாரிட்டால் தாங்க முடியவில்லை. "இதையெல்லாம் அக்டோபர்ல சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" அவள் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது. "நான் கெஞ்சினேனே! இங்கயே நின்னு கெஞ்சினேனே!"

வெர்னா அவளைப் பரிவோடு பார்த்தாள். "அப்ப அவன் கடை வச்சிருந்தானே, பொண்ணே. கடை வச்சிருக்கிறவனைப் புகழ்ந்தா அது விளம்பரம் மாதிரி ஆயிடும். அவன் தலைக்கும் ஏறிடும். இப்பத்தான் கடையே இல்லையே. இனிமே தாராளமா சொல்லலாம்."

"சரி, அந்த ஸ்டார் சமாசாரம் எங்க இருக்கு?" என்று ஹார்லன் செல்பேசியை எடுத்தார். "என்னோடதை மாத்திடறேன். இன்னிக்கு அஞ்சு போடலாம். இன்னிக்குப் போடலேன்னா அப்புறம் எப்ப?"

"ஆமா, ஆமா," என்று கூடமே பைக்குள் கையை விட்டது.

"ஐயோ, வேண்டாம்! போடாதீங்க!" மாரிட் மேஜையைத் தட்டினாள். "அந்தப் பக்கம் இப்ப ஃபார்கோக்காரங்களது! நீங்க போடறது எல்லாம் அவங்களுக்குத்தான் போகும்!"

ஹார்லன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் திரையைப் பார்த்தார். "ஆர்விட் பேரும் படமும் இருக்கே."

"பேரு இருக்கு. ஆனா கடை அவரோடது இல்ல. கெஞ்சிக் கேக்குறேன், விட்டுடுங்க. ஒரு ஸ்டார்கூட வேண்டாம்!"

ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு முகத்திலும் ஒரு மலர்ச்சி பரவியது. மாரிட் நகரத்தில் இருந்துவிட்டு வந்து, வாயைத் திறந்து புகழ் கேட்டவள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒழுங்காகப் பேசுகிறாள்.

"பாத்தியா," என்று வெர்னா பெர்னடீன் அத்தையின் கையைத் தட்டினாள். "என்ன இருந்தாலும் டோலெஃப்சன் ரத்தம். வேண்டாம் வேண்டாங்குறா."

"நீ சும்மா இரு மாரிட்," என்றார் ஹார்லன், கனிவோடு. "நம்ம ஊர் வழக்கப்படி மூணு தடவை வேண்டாம்னு சொல்லிட்ட. மரியாதை முடிஞ்சது. இனிமே வாங்கிக்கணும்."

நிலவறைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. ஒரே இடத்திலிருந்து அத்தனையும் போயிருந்தால் அந்தப் பாழாய்ப்போன தேடல் கணினிக்கு இதெல்லாம் போலி என்று சந்தேகம் வந்து எல்லாவற்றையும் அழித்துத் தள்ளியிருக்கும். அந்தப் புண்ணியமும் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய், அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக நினைத்துப் பார்த்து, நீள நீளமாக எழுதினார்கள். எந்த ஃபர்னஸ், எந்த ஏரி, எந்தப் புயல், என்ன சத்தம் என்று ஒன்று விடாமல் எழுதினார்கள். மாரிட் இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு நல்ல கருத்துகளை எந்தக் கடைக்கும் வாங்கிக்கொடுத்ததில்லை. வாரம் முடிவதற்குள் ஃபார்கோ கம்பெனியின் ஹெகன் ஏரிக் கிளை, ஆர்விட்டின் முகத்தோடு, தேடலில் முதலாவதாக வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை மாரிட் கொட்டகைக்குப் போனபோது மாமா கம்பெனியின் நீலச் சட்டையில் நின்றிருந்தார். தோள்பட்டையில் அவருக்கு அது கொஞ்சம் பெரிது. செல்பேசியை நீட்டிப் பிடித்து வெர்னா எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தங்கமான கையாம்," என்றார். காது சிவந்திருந்தது. "மாரிட், இதைக் கொஞ்சம் குறைக்க முடியாதா? எல்லாத்தையும் நாலா பண்ணிடேன். கடைத்தெருவுல தலை காட்ட முடியல."

"முடியாது மாமா. அது இப்ப அவங்க கையில."

செல்பேசி அவர் கையிலேயே அதிர்ந்தது. ஃபார்கோ அலுவலகம். ஏரிக்கு வடக்கே ஒரு வீடு, போன மாதம்தான் குடிவந்தவர்களாம், 'அந்த அஞ்சு ஸ்டார் ஆர்விட்' வேண்டும் என்று கேட்கிறார்களாம். அவர் முகவரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்து காத்திருந்தது. அதுவும் ஏரிக்கரை. அதுவும் அவர் பெயரைச் சொல்லித்தான்.

மாமா போனை நீலச் சட்டைப் பையில் போட்டார்.

"புது ஆளுங்க போன் பண்றாங்க, மாரிட்," என்றார்.

மாரிட் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வண்டியில் ஏறிக் கிளம்பினார்.